கோரிக்கை மூன்றாம் பக்கத்தில் இருந்தது

அக்கா வெண்டைக்காய்க்குக் காம்பு நறுக்கிக்கொண்டிருந்தாள். பிரிட்ஜின் மேல் ரேடியோ. டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் பிளாக்கின் எல்லாச் சமையலறைகளிலும் அன்று காலை அதே ஹிந்தி பண்பலைதான் ஓடியிருக்கும். குடியிருப்போர் சங்கச் செயலாளர் கோதண்டம் அங்கிள் போனில் பேசப் போகிறார் என்று முந்தின நாளே வாட்ஸ்அப்பில் மூன்று முறை செய்தி வந்திருந்தது.

விஷயம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் மூன்றாம் நம்பர் கேட்டுக்கு எதிரே ஆறு வழிச் சாலை. அதன் நடுத்திட்டில் ஆட்கள் கடக்க ஓர் இடைவெளி இருந்தது. வண்டிகள் தடையில்லாமல் போகட்டும் என்று அதைக் கம்பி வேலி வைத்து அடைத்துவிட்டார்கள். அடுத்த சிக்னல்வரை போய்த் திரும்ப இருபது நிமிட நடை. எனவே எல்லோரும் வேலியைத் தாண்டினார்கள்.

அக்கா வீட்டில் வேலை செய்யும் செல்வியும் தாண்டினார். ஒரு காலையில் புடவை கம்பியில் மாட்டி விழுந்து, கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு இருந்தார். அவர் மகள் ரேணு ஆறாம் வகுப்பு. ஜூலையில் பள்ளி திறந்ததும் ரேணுவும், சாலைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும், பள்ளி பஸ்ஸுக்கு இந்தப் பக்கம் வர வேண்டும். அதற்குள் நடந்து கடக்க ஒரு சிக்னல் வேண்டும்.

இதைச் சொல்ல அங்கிளுக்கு நான்கு நிமிடம் கொடுத்திருந்தார்கள்.

"கோதண்டம் ஜி, என்ன பிரச்சினை?" என்று கேட்டாள் அறிவிப்பாளர். உரையாடல் முழுக்க ஹிந்தியில்தான். இங்கே தமிழில் தருகிறேன்.

"நமஸ்காரம். முதலில் எங்கள் குடியிருப்பின் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன்."

சொன்னார். குடியிருப்பு எப்போது கட்டப்பட்டது, முதலில் எத்தனை கேட்டுகள், பிறகு எத்தனை. சங்கம் எழுதிய முதல் கடிதம். அதற்கு நினைவூட்டுக் கடிதம். நினைவூட்டலுக்கு நினைவூட்டல். ஒவ்வொன்றின் நகலும் யார் யாருக்கு அனுப்பப்பட்டது. குக்கர் இரண்டு விசில் விட்டது. நான் பல் தேய்க்கும் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி நின்றேன்.

"ஆகவே, மேற்சொன்ன சூழ்நிலையில், எங்கள் கோரிக்கை என்னவென்றால்..."

போக்குவரத்துச் செய்திகள் வந்துவிட்டன.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "என்னடி, முடிஞ்சிருச்சா? அவரு இன்னும் ஒண்ணுமே கேக்கலையே."

அந்த நொடியில்தான் எனக்குப் பிடிபட்டது. அங்கிள் மோசமாகப் பேசவில்லை. அவர் பேசியது ஒரு கோப்பு.

பக்கம் திருப்ப முடியாது

சென்ற வாரம் இந்தப் பத்தியில், நொய்டா ஸ்டுடியோவில் நான் வாங்கிய திட்டுகளைப் பற்றி எழுதியிருந்தேன். அங்கே என் வேலை, பதிவு செய்த பேட்டிகளை வெட்டி ஒட்டுவது. பெரிய கம்பெனித் தலைவர்களின் பேச்சிலிருந்து 'பேசிக்கலி'களைக் களையெடுப்பதிலேயே பாதி நாள் போய்விடும். யார் வேண்டுமானாலும் என் கையில் தெளிவாகப் பேசிவிடுவார்கள். ஆனால் நேரலையில் கத்தரிக்கோல் கிடையாது. கத்தரிக்க வேண்டியதைப் பேசுவதற்கு முன்பே, பேசுபவருக்குள்ளேயே கத்தரித்துவிட வேண்டும். இதை ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

அத்தான் லோதி ரோடு பக்கம் ஓர் அமைச்சக அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே அவர்தான் விளக்கினார்.

"அவரு அண்டர் செக்ரட்டரியா ரிட்டயர் ஆனவரு. நோட் எழுதுற முறையே அதானே. முதல்ல ஹிஸ்டரி, அப்புறம் ரூல், அப்புறம் முன்னாடி என்ன பண்ணாங்க. என்ன வேணும்ங்கறது கடைசிப் பாராவுல, மூணாம் பக்கத்துல. மேல இருக்கிறவரு நேரா அந்தப் பக்கத்தத் திருப்பித்தான் படிப்பாரு."

"ரேடியோல பக்கம் திருப்ப முடியாதே அத்தான்."

"அத அவருகிட்ட போய்ச் சொல்லு. ஜல்தி போ, இப்ப டீ குடிச்சிட்டு இருப்பாரு."

பிரஷ்ஷோடு போகவில்லை, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் போனேன். கோதண்டம் அங்கிள் மாடியில் தன் மகள் உமா அக்காவோடு இருக்கிறார். குவார்ட்டர்ஸ் மகளின் பெயரில். ஆரணிக்காரர், அறுபத்தெட்டு வயது, வீட்டிலும் சட்டைப் பையில் பேனா.

"எல்லாப் பாயிண்டும் கவர் பண்ணிட்டேன் பாத்தியாம்மா?"

"கடைசிப் பாயிண்ட் வரலையே அங்கிள்."

"அது அவங்க டைம் மேனேஜ்மென்ட்."

உள்ளேயிருந்து உமா அக்காவின் குரல் வந்தது. "அப்பா, ஆபீஸ் குரூப்ல மூணு பேரு கேட்டுட்டு இருந்தாங்க. உங்களுக்கு என்ன வேணும்னு ஒருத்தருக்கும் புரியல. ஒருத்தர், குடியிருப்புக்கு ஏதோ ஆண்டு விழான்னு நெனச்சிட்டாராம்."

அங்கிள் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டேன்: "இன்னொரு சான்ஸ் வாங்கித் தரேன். எனக்கு ஒரு வாரம் குடுப்பீங்களா?"

வாய் திறக்கக் கூடாதவர்கள்

வேறு ஆளே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

எங்கள் குடியிருப்பில் விஷயம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. சாலை விதியை எழுதியவர்கள்கூட இங்கே குடியிருக்கலாம். ஆனால் எல்லோரும் பணியில் இருக்கும் அரசு ஊழியர்கள். அரசு செய்ததைப் பற்றி ஊடகத்தில் குறை பேசுவதற்கு நடத்தை விதி இடம் தராது. டீக்கடையில் மணிக்கணக்காக அலசுவார்கள். மைக்கைக் கண்டால் ஸ்வெட்டர் வாங்கப் போய்விடுவார்கள், மே மாதத்திலும்.

ஓய்வு பெற்றவர்கள் மிச்சம். அவர்களிலும் பெரும்பாலோர் ஊருக்குப் போய்விட்டார்கள். செல்வியைக் கேட்டோம். இருபது வருட டெல்லி. எங்கள் எல்லோரையும்விட அவர் ஹிந்தி நன்றாக இருக்கும்.

"வாணாம்மா. கம்பியத் தாண்டுனது தப்புன்னு அவங்க கேட்டா நான் என்னா சொல்றது? போலீசு வூட்டுக்கு வந்தா யாரு பதில் சொல்றது?"

ஆகவே அங்கிள்தான்.

பண்பலைக்கு மின்னஞ்சல் எழுதினேன். போன முறை கோரிக்கைக்கு முந்தின வரியோடு நேரம் முடிந்துவிட்டது என்று உள்ளதை உள்ளபடியே எழுதினேன். நிகழ்ச்சித் தயாரிப்பாளர் சிரித்திருக்க வேண்டும். அடுத்த வியாழக்கிழமை நான்கு நிமிடம். இந்த முறை சாலைப் பொறியாளரும் போனில் இருப்பார் என்று பதில் வந்தது.

தலையாட்டினால் கேட்காது

பயிற்சிக் கூடம் அக்கா வீட்டு ஹால். அங்கிளைச் சோபாவில் உட்கார வைத்து, நான் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவருக்குப் போன் செய்வேன். நேரில் உட்கார்ந்து பயிற்சி கொடுத்தால் பயனில்லை. முகத்தைப் பார்த்துப் பேசிப் பழகியவர்கள் போனில் தனியாகிவிடுவார்கள்.

முதல் கேள்வி: "வேலி போட்ட பிறகு சிரமம் அதிகமாகிவிட்டதா?"

பதில் இல்லை. மறுபடி கேட்டேன். அப்போதும் இல்லை. கதவைத் திறந்து பார்த்தால் அங்கிள் ஆழ்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், தலையாட்டுறது ரேடியோல கேக்காது."

"ஓ."

அடுத்தது, பின்னணி. கோரிக்கையை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள் என்றதும் அவர் கை பேனாவுக்குப் போனது. எழுதிக்கொண்டார். வாசித்தார். வாசிப்பது அப்பட்டமாகத் தெரிந்தது. காகிதத்தை வாங்கிக்கொண்டேன். காகிதம் இல்லாமல் பேசச் சொன்னதும் சொந்த வீட்டில் கண்ணாடியைத் தொலைத்தவர் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார். ஆனால் விடவில்லை. குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்க்கிறார் என்று உமா அக்கா சொன்னாள். மூன்றாம் நாள் வந்தது: "மூன்றாம் நம்பர் கேட்டுக்கு முன்னால், பள்ளி திறப்பதற்குள், நடந்து கடக்க ஒரு சிக்னல் வேண்டும்." ஒரே மூச்சு.

பெரிய சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. பொறியாளராக நடிக்க அத்தானைக் கூப்பிட்டோம்.

"நடிக்கிறதுக்கு ரூல் ஏதும் இருக்கா?" என்றாள் அக்கா.

"ஹால்ல நடிக்கலாம்," என்றார் அத்தான். குரலைக் கனமாக்கிக்கொண்டு, "பொதுமக்களின் பாதுகாப்புக்காகத்தான் இடைவெளியை அடைத்திருக்கிறோம்," என்றார்.

"பில்குல் சஹி, சார்," என்று முழுசாக ஆமோதித்தார் அங்கிள்.

அறையில் எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"என்ன அங்கிள், ஒத்துக்கிட்டீங்க?"

"வாயால எப்படிம்மா மறுக்கிறது? முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல மேல இருக்கிறவரு பேசினா ஒத்துக்கிட்டு வந்துடுவேன். ஒத்துக்க முடியலன்னா சீட்டுக்கு வந்து நோட் எழுதுவேன்." சற்று யோசித்தார். "ஆமா, அந்த ஆளு என்ன ரேங்க்?"

"எக்ஸிகியூடிவ் இன்ஜினியராம்."

"அது நமக்குச் சமம்தானே." முதுகு நிமிர்ந்தது. "அப்பப் பேசலாம்."

அடுத்த சுற்றில் அத்தான் வாய் திறக்கும் முன்பே அங்கிள் விளக்கம் கேட்டு மெமோ கொடுப்பது போல் பாய்ந்தார். அத்தான் நிஜமாகவே எழுந்து நின்றுவிட்டார். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு மாலைகள் ஆயின. கடைசியில், பொறியாளரை மறந்துவிடுங்கள், வண்டி ஓட்டிக்கொண்டே ரேடியோ கேட்கும் ஒருவரிடம் பேசுங்கள் என்றேன். அந்த ஆளுக்கு ரேங்க் கிடையாது. அது வேலை செய்தது.

நான் செய்த தப்பு

புதன்கிழமை மாலை கடைசி ஒத்திகை. செல்வி வந்திருந்தார், அக்காதான் ஆட்டோ வைத்துக் கூட்டி வந்தாள். காலை ஸ்டூல் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். கூலர் ஈரக் காற்றை அவர் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது.

நான் அங்கிளுக்கு ஒரு தந்திரம் சொல்லிக் கொடுத்திருந்தேன். எந்தக் கேள்வி வந்தாலும் சுற்றிச் சுற்றிக் கோரிக்கைக்கே வந்துவிட வேண்டும். கம்பெனித் தலைவர்கள் அப்படித்தான் செய்வார்கள். அங்கிள் அதில் தேறிவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

படுக்கையறையிலிருந்து கேட்டேன்: "ஒரு பெண் விழுந்துவிட்டாராமே, இப்போது எப்படி இருக்கிறார்?"

"எங்கள் கோரிக்கை ஒன்றுதான். மூன்றாம் நம்பர் கேட்டுக்கு முன்னால், பள்ளி திறப்பதற்குள்..."

சுத்தமான உச்சரிப்பு. தடங்கல் இல்லை. கதவைத் திறந்துகொண்டு கைதட்ட வந்தேன்.

செல்வி என்னைப் பார்க்கவில்லை. அங்கிளைப் பார்த்துச் சொன்னார். "என் காலு எப்படி இருக்குன்னு கேக்கறாங்க சார். நீங்க சிக்னலுன்றீங்க. கூலி பாக்கி கேட்டா மேஸ்திரிகூட இப்படி பதில் சொல்ல மாட்டாரு."

அங்கிளுக்கு முகம் சிறுத்துவிட்டது. தப்பு அவருடையதல்ல, என்னுடையது. கேட்டதற்குப் பதில் சொல்லாத மனிதரை யாரும் நம்ப மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததா என்ன? எத்தனை பேட்டிகளில் அந்தத் தப்பித்தலைக் கேட்டு, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போயிருக்கிறேன். அதையே ஒரு நல்ல மனிதருக்கு ஒரு வாரமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

தந்திரத்தைத் தூக்கிப் போட்டோம். முதலில் கேட்டதற்குப் பதில், ஒரு வாக்கியம், உண்மையாக. அதற்குப் பிறகுதான் கோரிக்கை.

"உண்மையா பதில் சொல்லணும்னா எனக்குத் தெரியணுமே," என்றார் அங்கிள். நாற்காலியைச் செல்வி பக்கம் திருப்பினார். செல்வி அவர்கள் வீட்டிலும் ஏழு வருடமாக வேலை செய்கிறார். "எப்படிம்மா விழுந்த? எத்தன மணிக்கு?"

"ஆறேகால் சார். உங்க வூட்டுக்குத்தான் வந்துனு இருந்தேன். உமாம்மாவுக்கு எட்டு மணி பஸ்ஸு, லேட்டானா டிபன் எடுக்காம போய்டும். ஒரு கால இந்தாண்ட போட்டேன், பொடவ அந்தாண்ட மாட்டிக்கிச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா? ரோட்டுல உக்காந்துனு இருந்தேன். ஹாரன் அடிச்சானுவ. நகர முடில."

அங்கிள் இந்த முறை பேனாவை எடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை

அக்கா வீட்டு ஹாலில் மின்விசிறியை நிறுத்தினோம். குக்கருக்குத் தடை. கீழே காய்கறி வண்டிக்காரர் சரியாக அந்த நேரம் பார்த்துத் தக்காளி விலையைக் கூவத் தொடங்கினார். அக்கா படியிறங்கி ஓடி, "பையா, பையா" என்று ஹிந்தியில் அண்ணன் போட்டு அவரை வழிமறித்துப் பேரம் பேசியே அவர் வாயை அடைத்தாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு நீளமாகப் பேரம் பேசியதில்லை. அன்று வாங்கிய சுரைக்காயை ஒரு வாரம் சாப்பிட்டோம்.

முதல் கேள்விக்கே கோரிக்கை வந்துவிட்டது. விழுந்த பெண்ணைப் பற்றிக் கேட்டபோது, "கட்டு பிரிக்க இன்னும் நாளாகும். அன்று அவர் என் வீட்டு வேலைக்குத்தான் வந்துகொண்டிருந்தார்," என்றார். நான் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பொறியாளர் குரல் வந்தது. பண்பான குரல். பாதுகாப்புக்காகத்தான் வேலி என்றார். "ஆனால் மக்கள் தாண்டுகிறார்களே. விதியை மீறுவது அவர்கள்தானே?"

இந்தக் கேள்விக்கு நாங்கள் ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தோம். அங்கிள் அதைச் சொல்லவில்லை. ரேடியோவில் மூன்று நொடி மௌனம் என்பது நிலநடுக்கம் மாதிரி. நான் கையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"தாண்டுவது தப்புதான். நானும் தாண்டியிருக்கிறேன். மூன்று தடவை. மருந்துக்கடை அந்தப் பக்கம் இருக்கிறது. எனக்கு அறுபத்தெட்டு வயது, நான் மத்திய அரசில் அதிகாரியாக இருந்தவன். எனக்கே இருபது நிமிடம் நடக்க முடியவில்லை."

உமா அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவளுக்கு இது தெரியாது. யாருக்குமே தெரியாது.

அறிவிப்பாளர்கூட ஒரு கணம் தடுமாறிவிட்டு, "என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று பொறியாளரைக் கேட்டாள். "விஷயம் பரிசீலனையில் இருக்கிறது," என்றார் அவர்.

"பரிசீலனையில் இருக்கிறது என்று நானும் முப்பத்தாறு வருடம் எழுதியிருக்கிறேன்," என்றார் அங்கிள். குரலில் கோபமில்லை. "கோப்பு யார் மேசையிலும் இல்லை என்றால்தான் அப்படி எழுதுவோம். எந்தக் கிழமை வந்து பார்ப்பீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்."

"திங்கட்கிழமை," என்றார் பொறியாளர்.

போக்குவரத்துச் செய்திகள் வந்தன. போனை வைத்துவிட்டு அங்கிள் தண்ணீர் கேட்டார். உமா அக்கா சொம்பை அவர் கையில் கொடுத்துவிட்டு, "எந்த மருந்துக்கு மூணு தடவ?" என்று ஆரம்பித்தாள். நாங்கள் மெதுவாகச் சமையலறைப் பக்கம் நகர்ந்துவிட்டோம்.

சாக்பீஸ் கோடு

திங்கட்கிழமை வந்தார்கள். அதுவே எங்கள் பிளாக்கில் யாரும் எதிர்பார்க்காதது. டேப் பிடித்து அளந்தார்கள். சாலையில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டார்கள். முன்மொழிவு மேலே போகும் என்றார்கள். மேலே என்றால் எவ்வளவு மேலே என்று அங்கிள் கேட்டார். சொல்லவில்லை.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஒரு புழுதிக் காற்று அடித்து, நாலு துளி மழையும் பெய்தது. சாக்பீஸ் போய்விட்டது.

செல்விக்குக் கட்டு பிரித்த அன்று பார்க்கப் போனேன். காலை மெல்ல ஊன்றிப் பழகிக்கொண்டிருந்தார். ரேணு பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். கோடு அழிந்ததைச் சொன்னேன்.

"கோடு இருந்தா மட்டும் வண்டி நிக்குமா?" என்றார் செல்வி. பிறகு, "அந்த ரேடியோக்காரம்மா என்னையக் கூப்பிடுவாங்களா?" என்று கேட்டார்.

"போலீஸ் வரும்னு பயந்தீங்களே?"

"அதான் சாரே தாண்டுனேன்னு சொல்லிட்டாரே. போலீசு மொதல்ல மாடிக்குப் போவட்டும். அப்பறமா இங்க வரட்டும்."

தயாரிப்பாளருக்கு உடனே எழுதினேன். பொறியாளர் திங்கட்கிழமை வந்தார், அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்கும் உரிமை அவர்கள் நிகழ்ச்சிக்கும் உண்டு என்று எழுதினேன். பதில் வந்தது: வரும் வியாழன், அதே நான்கு நிமிடம். பொறியாளரும் இருப்பார்.

இந்த முறை மின்விசிறியை நிறுத்தப்போவதில்லை. அக்கா ஹாலும் வேண்டாம். செல்வி நடுத்திட்டுக்கு எதிரே, ரேணு பஸ்ஸுக்குக் கடக்க வேண்டிய அதே இடத்தில், காலை ஏழு மணிக்கு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து போனில் பேசுவார். இரைச்சலில் அவர் குரல் அமுங்காமல் இருக்க வேண்டும். மைக்கை எவ்வளவு நெருக்கமாகப் பிடிப்பது, லாரி போகும்போது எங்கே நிறுத்துவது என்று நாளைக் காலையிலிருந்து அங்கேயே ஒத்திகை. அங்கிள்தான் அறிவிப்பாளராக நடிக்கிறார். தயாரித்து வைத்திருக்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "இப்போது சாலையைக் கடக்க முடியுமா, செல்வி ஜி?"

செல்வி சாலையைப் பார்த்து, உள்ளதைச் சொன்னால் போதும். நேற்று நானும் அவரும் போய் நின்று பார்த்தோம். நான்கு நிமிடத்தில் ஒருமுறைகூட அந்தச் சாலை காலியாகவில்லை. அதை வியாழக்கிழமை ஊர் கேட்கட்டும்.